கடலுக்குள் நாலு காலில் நிற்கும் வீடு: இந்த போஸ்ட்கார்டு நிஜமா?

குரோய்டன்காரி:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே லண்டனில் குரோய்டன் பக்கத்தில் ஒரு கார் பூட் சேலுக்கு, அதாவது கார் டிக்கியில் வைத்துப் பழைய சாமான் விற்கும் சந்தைக்கு, தையல் பெட்டி தேடிப் போனேன். பெட்டி கிடைத்தது. இதையும் சேர்த்து எடுத்தால் விலை குறைக்கிறேன் என்று ஒரு பழைய ஆல்பத்தையும் விற்றவர் என் தலையில் கட்டிவிட்டார். உள்ளே முழுக்கக் கடற்கரை ஊர்களின் பட போஸ்ட்கார்டுகள். தேவாலயம், பூந்தோட்டம், பேண்ட் வாத்திய மேடை எல்லாம் பார்த்தவுடன் விளங்குது. மூன்று கார்டுதான் விளங்கவில்லை.

முதலாவது பிரைட்டன். கடலுக்கு நடுவில் நாலு உயரமான இரும்புக் கால்கள். அதற்கு மேலே கைப்பிடி போட்ட ஒரு தளம், தளத்தின் மேல் கண்ணாடி ஜன்னல் வைத்த அறை. அறையின் கூரையிலும் தொப்பி போட்ட ஆட்கள் நிற்கிறார்கள். ஒரு பக்கம் படகு தொங்குது. கீழே அலை மட்டும்தான், தண்டவாளம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. என் மகன் பார்த்தவுடன் "அம்மா, இது ஏஐ" என்றான். 1905 ஆகஸ்ட் முத்திரையோடு எப்படி ஏஐ வரும் என்று கேட்டேன். "அப்ப அந்தக் காலத்து போட்டோஷாப்" என்கிறான். பின்பக்கத்தில் நடுவே கோடு இருக்கு. இடப்பக்கம், உள்நாட்டு அஞ்சலுக்கு மட்டும் இங்கே எழுதலாம் என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கு. பச்சைத் தபால்தலை, தாடி வைத்த ராஜா. எழுதியிருப்பது: மழை விடவில்லை, அத்தைக்கு முழங்கால் வலி, வியாழக்கிழமை திரும்புகிறோம். படத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை!

இரண்டாவது பிளாக்பூல். ஒரு பெரிய இரும்புத் தூண், அதன் தலையிலிருந்து குடைக்கம்பி மாதிரி விரிந்த கைகள், ஒவ்வொரு கையிலும் கம்பிவடத்தில் ஒரு படகு நேராகத் தொங்குது. 'பறக்கும் இயந்திரம்' என்று பெயர் போட்டிருக்கு. அதே தாடி ராஜா, ஆனால் முத்திரை அழிந்துவிட்டது.

மூன்றாவது அமெரிக்கா, கோனி ஐலண்ட், லூனா பார்க் என்ற கேளிக்கைப் பூங்கா. இரவுக் காட்சி. கோபுரம் கோபுரமாக விளக்குகள், மேலே முழு நிலா. இதில் பின்பக்கம் கோடே இல்லை. செய்தியைப் படத்துக்குக் கீழே இருக்கிற வெள்ளை ஓரத்தில் எறும்பு ஊர்கிற எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். தபால்தலையை யாரோ கழற்றிவிட்டார்கள்.

இவை நிஜமா, எந்த வருஷத்தவை? விற்கிற எண்ணம் இல்லை. மகனுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும், அவ்வளவுதான்.

---

ஆர்எம்எஸ் தாத்தா, திருச்சி:

சகோதரி, மகனிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். உங்கள் நாலு கால் வீடு கடலுக்குள் ஓடிய ஒரு மின்சார ரயில் வண்டி. அந்த வண்டி நிஜம். ஆனால் உங்கள் கார்டில் முத்திரை விழுந்த 1905ஆம் ஆண்டில் அது ஓடவில்லை. ஓட்டம் நின்று நாலு வருஷம் ஆகியிருந்தது. முழங்கால் வலி அத்தை அதில் ஏறியிருக்க வழியே இல்லை.

நான் ரயில் தபாலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ராத்திரி வண்டியில் நின்றுகொண்டே கார்டு பிரித்த கை இது. எங்களுக்குப் படப் பக்கம் கண்ணிலேயே விழாது, விலாசப் பக்கம்தான் வேலை. பட போஸ்ட்கார்டு சேர்க்க ஆரம்பித்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. யாராவது ஆசையாக ஒரு படத்தை நீட்டினால் "திருப்புங்க" என்பேன். கடைக்காரர்களுக்கு என்மேல் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் படம் ஆயிரம் பொய் சொல்லும், பின்பக்கம் அவ்வளவு சுலபமாகச் சொல்லாது.

உங்கள் பிரைட்டன் கார்டைத் திருப்புவோம். இங்கிலாந்தில் தனியார் அச்சடித்த பட கார்டில் தபால்தலை ஒட்டி அனுப்பலாம் என்று அனுமதி வந்தது 1894இல். அப்போது பின்பக்கம் முழுவதும் விலாசத்துக்குத்தான். நலம் விசாரிப்பு எல்லாம் படத்தின் ஓரத்தில் நெருக்கியடித்து எழுத வேண்டும். 1902 ஜனவரியில் பிரிட்டிஷ் தபால் துறை நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் செய்தி, வலப்பக்கம் விலாசம் என்று அனுமதித்தது. இப்படிச் செய்த முதல் நாடு அதுதான். மற்ற நாடுகள் இதை உடனே ஏற்கவில்லை. அதனால்தான் அந்த 'உள்நாட்டுக்கு மட்டும்' எச்சரிக்கை. ஆகவே அந்தக் கார்டு அச்சானது 1902க்கு முன்னால் இருக்க முடியாது.

தாடி ராஜா ஏழாம் எட்வர்டு. அவர் தலை போட்ட அரைப் பென்னி தபால்தலை 1902 ஜனவரி முதல் தேதி வந்தது. முதலில் நீலம் கலந்த பச்சை, 1904 கடைசியில் மஞ்சள் கலந்த பச்சைக்கு மாற்றினார்கள். உங்களுடையதைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், மஞ்சள் ஓட்டம் இருந்தால் முத்திரைத் தேதியோடு கச்சிதமாகப் பொருந்தும். உள்நாட்டுக் கார்டுக்கு அரைப் பென்னிதான் கட்டணம். 1918 ஜூன் வரைக்கும் அதை ஏற்றவே இல்லை. கடற்கரைக்குப் போனவர்கள் எல்லாம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று எழுதித் தள்ளியதற்கு அந்த அரைப் பென்னி ஒரு முக்கியக் காரணம்.

இப்போது வண்டிக்கு வருவோம். அதைக் கட்டியவர் மேக்னஸ் வோல்க். 1883 ஆகஸ்டில் பிரைட்டன் கடற்கரையோரம் ஒரு சின்ன மின்சார ரயில் விட்டவர். அந்த ரயில் இன்றும் ஓடுகிறது, உலகத்தில் இன்றும் ஓடும் மின்சார ரயில்களில் அதுதான் மூத்தது. அதைக் கிழக்கே ராட்டிங்டீன் வரை நீட்ட நினைத்தார். மேலே கொண்டுபோனால் செங்குத்தான சுண்ணாம்புக் குன்று, அடிவாரத்தில் போனால் மண் சரியும். வேறொருவர் என்றால் கைவிட்டிருப்பார். இவர் தண்டவாளத்தைக் கடலுக்கு அடியில் போட்டுவிட்டு, வண்டிக்கு 23 அடி உயரக் கால் வைத்தார்!

1896 நவம்பர் 28ஆம் தேதி திறப்பு விழா. டிசம்பர் 4ஆம் தேதி இரவு புயல். ஒரே வாரம். வண்டி கவிழ்ந்து நொறுங்கியது. அதே இரவில்தான் கடலுக்குள் நீட்டியிருந்த பிரைட்டனின் பழைய சங்கிலிப் பாலத்துறையும் கடலோடு போனது. வோல்க் விடவில்லை. காலை இன்னும் இரண்டடி உயர்த்தி மறுபடி கட்டி, 1897 ஜூலையில் ஓட்டினார். 1898இல் அதில் ஏறிப் பார்த்தவர்களில் ஒருவர் அப்போது இளவரசராக இருந்த எட்வர்டு. அதாவது உங்கள் கார்டின் பின்பக்கத்தில் தபால்தலையாக ஒட்டியிருக்கிறவர் முன்பக்கத்து வண்டியில் போனவர். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தக் கார்டை நான் விற்க விடமாட்டேன்.

1901 ஜனவரியில் எல்லாம் முடிந்தது. ஏன் நின்றது என்பதை இங்கே ரயில்வே ஆட்கள் இருந்தால் சொல்வார்கள், எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகவே சொல்வார்கள். பெட்டி மட்டும் கரையோரம் வருஷக்கணக்கில் துருப்பிடித்துக் கிடந்து 1910இல் பழைய இரும்புக்குப் போனது.

கணக்கைப் பாருங்கள். வண்டி ஓடியது 1896 முதல் 1901 வரை. கோடு போட்ட கார்டு வந்தது 1902இல். பிரைட்டனுக்கு வந்தவர்கள் கடையில் வாங்கி அனுப்பியது ஏற்கெனவே நின்றுபோன வண்டியின் படத்தை. கார்டு போடுகிறவரிடம் நல்ல நெகட்டிவ் இருந்தது, படம் பார்க்க அதிசயமாக இருந்தது, விற்றார். கார்டில் இருக்கிற தேதி அனுப்பியவரின் தேதிதான். படத்தின் தேதி வேறு, வண்டியின் தேதி வேறு. இந்த மூன்றையும் போட்டுக் குழப்பித்தான் இணையத்தில் பாதி ஆட்கள் 'பிரைட்டன் 1905' என்று தலைப்பு வைக்கிறார்கள்.

உங்கள் மகன் சொன்ன போட்டோஷாப் விஷயத்தையும் நான் ஒதுக்கமாட்டேன். பையன் பாதி சரி. அந்தக் காலத்துப் படம் கறுப்பு வெள்ளையில் எடுத்தது. வண்ணம் சேர்த்தது அச்சகத்தில். அதிலும் நிறைய பிரிட்டிஷ் கார்டுகள் ஜெர்மனியில் அச்சாகி வந்தவை. வண்ணம் தீட்டியவர் பிரைட்டனைக் கண்ணாலும் பார்த்திருக்கமாட்டார். கொடி சிவப்பா நீலமா, அம்மணியின் பாவாடை என்ன நிறம் எல்லாம் அவர் இஷ்டம். பூதக்கண்ணாடி வைத்துக் கால் தண்ணீரில் இறங்கும் இடத்தைப் பாருங்கள். நுரைக்காகத் தூரிகையால் ஒரு வெள்ளைக் கோடு இழுத்திருந்தால், அது அச்சுப் புள்ளிகளின் மேல் தனியாகத் தெரியும். ஒரே நெகட்டிவ், ஒரு கார்டில் மேகம் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. படகைச் சேர்ப்பார்கள், ஆளை எடுப்பார்கள். ஆனால் அந்த இரும்புக் கால்களை யாரும் வரையவில்லை. அவை இருந்தன.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாக்பூல் ராட்டினம் 1904இல் வந்தது. எட்வர்டு இறந்தது 1910, ஐந்தாம் ஜார்ஜ் தலை வந்தது 1911. ஆக இந்த ஏழு வருஷத்துக்குள் எங்கோ. பழைய தபால்தலையை யாராவது வீட்டில் வைத்திருந்து ஒட்டினால் கொஞ்சம் தள்ளும். கோனி ஐலண்ட் கார்டு இன்னும் சுலபம். லூனா பார்க் திறந்தது 1903 மே. அமெரிக்கா பின்பக்கத்தில் கோடு போட அனுமதித்தது 1907 மார்ச் முதல் தேதி. கோடு இல்லை, ஓரத்தில் எழுத்து என்றால் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது.

தபால்தலையை ஆவியில் காட்டிப் பிரித்த புண்ணியவானைப் பற்றி இங்கே எழுதினால் நிர்வாகிகள் என் பதிவை நீக்கிவிடுவார்கள்.

---

பெரம்பூர் பட்டறை:

ஐயா பின்பக்கத்தைப் பார்த்துவிட்டார். நான் வண்டிக்கு அடியில் குனிகிறேன்.

தண்டவாளம் தெரியவில்லை என்று சகோதரி எழுதியிருக்கிறார். தெரியாது, படம் எடுத்தபோது ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறியிருக்கிறது. கடலடிப் பாறையில் கான்கிரீட் கட்டைகளை இறுக்கி, அதன்மேல் இரண்டு இணைத்தடங்கள் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் 2 அடி 8½ அங்குல கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம். ஒரு தடத்தின் வெளித் தண்டவாளத்திலிருந்து அடுத்த தடத்தின் வெளித் தண்டவாளம் வரை 18 அடி. விளம்பரத்தில் '18 அடி கேஜ்' என்று போட்டுக்கொண்டார்கள். நம் பிராட்கேஜே ஐந்தரை அடிதான். விளம்பரக்காரர்கள் எந்தக் காலத்திலும் ஒரே ஜாதி!

எடை 45 டன். தளம் 45 அடி நீளம், 22 அடி அகலம், 150 பேர் ஏறலாம். ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு சக்கரத்தொகுதி. மோட்டார் மேலே தளத்தில். குழாயான கால்களுக்குள் தண்டு இறக்கிச் சக்கரத்தைச் சுற்றினார்கள். இரண்டு காலில் ஓட்டும் தண்டு, மற்ற இரண்டில் பிரேக் கம்பி. மின்சாரம் கம்பங்களில் போகும் மேல்கம்பியிலிருந்து வந்தது. கடலில் போகிற வாகனம் என்பதால் சட்டப்படி ஒரு கப்பல் கேப்டன் கூடவே இருக்க வேண்டும், உயிர்காப்புப் படகும் மிதவை வளையங்களும் வேண்டும். கார்டில் தொங்கும் அந்தப் படகு அலங்காரத்துக்கு அல்ல.

என்னைக் கேட்டால் எண்ணம் பிரமாதம், குதிரைத்திறன் போதவில்லை. ஓதம் வடிந்திருக்கும்போது ஒழுங்காக ஓடியது. ஏறியிருக்கும்போது நாலு காலையும் தண்ணீர் பிடித்து இழுக்க, நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிட்டது. பெரிய மோட்டார் போடப் பணமில்லை. இதற்கிடையில் 1900இல் கரையைக் காப்பாற்ற நகராட்சி போட்ட தடுப்புகளால் நீரோட்டம் மாறி, தண்டவாளக் கட்டைகளுக்கு அடியிலிருந்து மண்ணை அரித்தது. பிறகு இன்னும் பெரிய தடுப்பு கட்டப் போகிறோம், தடத்தை ஆழத்துக்குத் தள்ளிக்கொள் என்றார்கள். மறுபடி தண்டவாளம் போட வோல்க்கிடம் காசு ஏது? தண்டவாளமும் அதன் அடித்தளமும் ஒழுங்காக இல்லாமல் மேலே எவ்வளவு கண்ணாடி ஜன்னல் வைத்தாலும் வண்டி நிற்காது. நாற்பது அடி உயரத்தில் யோசிக்கிறவர்களுக்குத் தரைமட்டத்தில் தண்டவாளத்தைப் பராமரிக்கிற கேங்மேனின் கவலை புரிவதில்லை, இது எங்கள் துறையிலும் உண்டு.

பிளாக்பூல் கார்டு எனக்கு இன்னும் பிடித்தது. அந்த ராட்டினத்தைச் செய்தவர் ஹைரம் மாக்ஸிம். ஆமாம், இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மாக்ஸிம்தான். 1894இல் அவர் மூன்றரை டன் எடையுள்ள நீராவி விமானம் ஒன்றைக் கட்டித் தண்டவாளத்தில் ஓட்டினார். மேலே போய்விடாமல் இருக்கத் தடுப்புத் தண்டவாளமும் போட்டிருந்தார். வண்டி எழும்பி அந்தத் தடுப்பையே உடைத்துக்கொண்டு போனது. அப்புறம் பறக்கும் ஆராய்ச்சிக்குப் பணமும் மக்கள் ஆர்வமும் வேண்டுமென்று 1904இல் இந்த ராட்டினங்களை நிறுவினார். லண்டனில் ஏர்ல்ஸ் கோர்ட், கிரிஸ்டல் பேலஸ், வடக்கே சவுத்போர்ட், பிளாக்பூல். படகுகளுக்கு இறக்கை வைத்து, ஏறியவரே மேலும் கீழும் திருப்பிக்கொள்ளும்படி செய்ய நினைத்தார். ஆபத்து என்று தடுத்துவிட்டார்கள். வெறுமனே சுற்றுகிற ராட்டினமாகத்தான் விட முடிந்தது. மனுஷருக்கு அதில் பெரிய ஏமாற்றம். ஆனால் பிளாக்பூல் ராட்டினம் மட்டும் இன்றும் ஓடுகிறது.

படகுகள் நேராகத் தொங்குது என்று எழுதினீர்களே, அங்கேதான் விஷயம். சுற்றும்போது படகு வெளிப்பக்கம் சாய வேண்டும். எவ்வளவு சாய்கிறது என்பது வேகத்தையும் தூணிலிருந்து உள்ள தூரத்தையும் பொறுத்தது, எடையைப் பொறுத்தது அல்ல. பத்துப் பேர் ஏறிய படகும் காலிப் படகும் ஒரே கோணத்தில்தான் சாயும். உங்கள் கார்டில் எல்லாம் நேர் என்றால், ராட்டினத்தை நிறுத்திவைத்து எடுத்த படம். அன்றைய கேமராவுக்கு ஓடுகிறதைப் பிடிப்பது கஷ்டம். இதே ராட்டினத்தின் வேறொரு கார்டில் படகுகள் அழகாகச் சாய்ந்திருந்தால், எல்லாம் ஒரே கோணமா என்று அளந்து பாருங்கள். ஒன்று கூடுதல், ஒன்று குறைவு என்றால் அச்சகத்து ஓவியர் கைவரிசை.

---

ஜெர்சி சிட்டி அம்மணி:

கோனி ஐலண்ட் என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கோடையில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ரயிலேறிப் போகும் இடம் அது. 1920இல் வந்த வொண்டர் வீலும் 1927இல் வந்த சைக்ளோன் ரோலர் கோஸ்டரும் இன்னும் ஓடுகின்றன. சைக்ளோன் மரத்தடம், இறங்கும்போது இடுப்பு எலும்பு கணக்குக் கேட்கும்.

உங்கள் கார்டில் தரையைப் பாருங்கள். ஆட்களுக்கு நிழல் விழுகிறதா? எல்லா நிழலும் ஒரே பக்கம், கூர்மையாக விழுந்தால் அது வெயில். அந்தக் காலத்து 'இரவுக் காட்சி' கார்டுகளில் ஏராளமானவை பகலில் எடுத்த படம்தான். வானத்தை நீலக் கறுப்பாக்கி, ஒரு நிலாவை ஒட்டி, ஜன்னல்களில் மஞ்சள் பொட்டு வைத்துவிடுவார்கள். அதற்காக விளக்குகளே பொய் என்று நினைக்க வேண்டாம். லூனா பார்க்கில் திறந்த அன்றே இரண்டரை லட்சம் மின்விளக்குகள் எரிந்தன என்பார்கள். வீட்டில் மின்சாரம் இல்லாத ஜனங்கள் விளக்கைப் பார்க்கவே டிக்கெட் வாங்கினார்கள். அதைப் படம் பிடிக்க வழியில்லாமல்தான் ஓவியர் வேலை செய்தார். அதாவது பொய்யான முறையில் உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

ஆல்பத்தில் இதற்கும் பழைய சவாரிப் படம் ஏதாவது இருந்தால், இருக்கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். 1884இல் லமார்கஸ் தாம்ப்சன் இங்கே போட்ட ஸ்விட்ச்பேக் ரயிலில் ஆட்கள் பெஞ்சில் பக்கவாட்டில் உட்கார்ந்தார்கள். 600 அடி நீளம், மணிக்கு ஆறு மைல், ஐந்து சென்ட். கோடியில் எல்லோரும் இறங்கிக்கொள்ள, ஆட்கள் வண்டியை இன்னொரு மேட்டில் தள்ளி ஏற்றி, மறுபடி உட்காரவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். பெரம்பூர்க்காரருக்குப் பிடிக்கும் என்று சொல்கிறேன்: பென்சில்வேனியாவில் நிலக்கரி இறக்கிய ஒரு சரிவு ரயிலில் ஜனங்கள் காசு கொடுத்து ஏறியதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது. தாம்ப்சன் ஞாயிறு பள்ளியில் வேதம் சொல்லிக்கொடுத்தவர். சாராயக்கடைக்குப் போகிற கூட்டத்தை நல்ல பொழுதுபோக்குக்கு இழுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. சாராயக்கடை ஒன்றும் மூடவில்லை, இவர் பணக்காரரானார்.

1901இல் வந்த லூப் தி லூப் கதை இன்னும் வேடிக்கை. தலைகீழாகச் சுற்றுகிற சவாரி. ஒரு வண்டிக்கு நாலே பேர். ஏறப் பயந்தவர்கள் நின்று பார்க்கவும் காசு வாங்கினார்கள். 1907இல் இங்கே இருந்த இன்னொரு கேளிக்கைப் பூங்காவான ஸ்டீபிள்சேஸ் பார்க் எரிந்தபோது அதன் முதலாளி ஜார்ஜ் டில்யூ, எரிந்த இடத்தைப் பார்க்கப் பத்து சென்ட் என்று பலகை வைத்தவர். 1911 மே 27 விடியற்காலையில் டிரீம்லேண்ட் என்ற மற்றொரு பூங்கா எரிந்தது, சீசன் தொடங்க வேண்டிய நாள். நரகவாசல் என்று பெயர் வைத்த ஒரு சவாரியில் தார் பூசிக்கொண்டிருந்தபோது பிடித்த தீ. இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் யாரும் நம்பமாட்டீர்கள்.

---

குரோய்டன்காரி:

ஐயா, அண்ணா, அக்கா, மூன்று பேருக்கும் நன்றி. மகன் போனை வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தான். லூனா பார்க் கார்டில் ஆட்களின் நிழல் எல்லாம் இடப்பக்கம் விழுது, நிலாவும் இடப்பக்கம்தான் நிற்குது! அவனுக்குப் பெரிய சந்தோஷம், தான் சொன்னது பலித்துவிட்டதாம். பிரைட்டன் தபால்தலையில் மஞ்சள் ஓட்டம் இருக்கு. கால் அடியில் வெள்ளைக் கோடும் இருக்கு.

இப்ப அவனுக்கு இரண்டு கேள்வி. கடலுக்குள் போட்ட தண்டவாளம் இன்னும் இருக்கா? மின்சார வண்டி உப்புத் தண்ணீரில் நின்றால் குளித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஷாக் அடிக்கவில்லையா?

---

ஆர்எம்எஸ் தாத்தா, திருச்சி:

முதல் கேள்விக்கு: இரும்பு போய்விட்டது, கான்கிரீட் கட்டைகள் இன்னும் கிடக்கின்றன. பிரைட்டன் மரீனாவுக்குக் கிழக்கே ராட்டிங்டீன் போகும் வழியில், குன்றின் அடியில் நடைபாதை இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாளாகப் பாருங்கள், அப்போதுதான் கடல் நன்றாக உள்வாங்கும். ஓத அட்டவணை பார்த்து, வடிகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்விட்டால் வரிசையாகத் தெரியும். பையனுக்கு வோல்க்கின் சின்ன ரயிலிலும் ஒரு டிக்கெட் எடுங்கள். சீசன் பார்த்துப் போங்கள், குளிர்காலத்தில் ஓடாது.

இன்னொன்று. அந்தக் கார்டுகளை ஆல்பத்திலிருந்து உரிக்காதீர்கள், மூலையில் செருகியிருந்தால் மட்டும் எடுங்கள். லாமினேட் செய்யவே கூடாது. மற்ற கார்டுகளையும் ஸ்கேன் செய்து போடுங்கள், இரண்டு பக்கமும்.

---

பெரம்பூர் பட்டறை:

இரண்டாவது கேள்வி கெட்டிக்காரக் கேள்வி. மேல்கம்பியில் வந்த மின்சாரம் மோட்டார் வழியாக இறங்கித் தண்டவாளத்தில் திரும்பிப் போகும். நம் ஊர் மின்சார ரயிலிலும் அப்படித்தான், சென்னையில் தண்டவாளத்தைத் தாண்டுகிற ஆயிரம் பேருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஷாக் அடிக்க வேண்டுமானால் மின்னழுத்த வித்தியாசம் வேண்டும். திரும்பும் பக்கம் ஏறக்குறைய பூமியின் அழுத்தத்தில்தான் இருக்கும். ஓதம் ஏறியபோது கடலே திரும்பும் வழியில் பங்கெடுத்தது. உப்புத் தண்ணீர் நல்ல கடத்தி, அவ்வளவு பெரிய பரப்பில் மின்சாரம் பரவிவிடுவதால் குளிக்கிறவருக்குத் தெரிந்திருக்காது. ஆபத்தெல்லாம் மேல்கம்பியில். அதை எட்டிப் பிடிக்க வேண்டுமானால் கூரைமேல் நின்ற அந்தத் தொப்பிக்காரர்களால்தான் முடியும், கேப்டன் அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கட்டைகளைப் பார்க்கப் போகும்போது ரப்பர் பூட்ஸ் போடுங்கள். சுண்ணாம்புப் பாறையில் பாசி படிந்தால் சோப்புப் போட்ட தரைதான். ஓதம் திரும்ப ஆரம்பித்ததும் மேலே ஏறிவிடுங்கள்.